அம்மை கண்ட இல்லமும் அன்னையின் அருளும்

திருக்கோயிற் குடமுழுக்கு என்பது கோபுரக் கலசத்திற்கு நீர் வார்க்கும் அளவோடு முடிவதன்று. வேள்விச்சாலைக் குடங்களில் எழுந்தருளச் செய்த திருவருள், புனித நீர் வழியே விமானத்தையும் மூர்த்தியையும் சேர்ந்து, அங்கிருந்து ஊரையும் உயிர்களையும் குளிர்விக்க வேண்டும் என்பதே அதன் உட்கிடை. ஊர் குளிர்தலாவது யாது? மழை பெய்தலும் விளைவு பெருகுதலும் பகை ஒழிதலும் மட்டுமல்ல; மனைதோறும் குழந்தைகள் நோயின்றி வளர்தலும் அதனுள் அடங்கும். கோயிலுக்கு வரும் தாய்மாரின் வேண்டுதல்களுள் முன்னிற்பது இதுவே.

தமிழில் அம்மை என்னும் சொல் மூன்று பொருளைத் தாங்கி நிற்கின்றது. ஈன்ற தாய் அம்மை. உலகீன்ற உமையும் அம்மை. குழந்தையின் மேனியிற் கொப்புளமாய்த் தோன்றும் நோயும் அம்மை. அஞ்சத்தக்கதொன்றற்கு அன்புக்குரிய பெயரை இட்டு வழங்கிய முன்னோர், அச்சத்தைப் பணிவாகவும் அருவருப்பைப் பேணலாகவும் மாற்றினர். ஆயினும் பெயர் ஒன்றாயிருத்தலின் நோயும் ஒன்றே எனக் கொள்ளுதல் பிழை. அம்மைகளுள் உயிர் கொள்வதும் உண்டு. ஓரிரு வாரத்தில் தானே இறங்குவதும் உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறிய மனிதர் கற்றுக்கொண்ட வரலாறு நெடியது. அவ்வறிவே கொடிய அம்மையை உலகினின்றும் ஒழிக்கத் துணைநின்றது. அதே அறிவு இன்றும் ஒவ்வொரு தாய்க்கும் வேண்டப்படுகின்றது.

மும்மொழி வழங்கும் எல்லைநிலம்

தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோடு வட்டத்தில், சேலத்தினின்று பெங்களூர் செல்லும் இருப்புப்பாதையின்மேல் அமைந்தது மாரண்டஹள்ளி. ஹள்ளி என்பது சிற்றூரைக் குறிக்கும் கன்னடச் சொல். பண்டு தகடூர் எனப்பெற்ற அதியமான் நாட்டைச் சார்ந்த இந்நிலம், பிற்காலத்திற் பாராமகால் எனப் பெயர் பூண்டு மைசூர் ஆட்சியில் இருந்தது. 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஆங்கிலக் கம்பெனியாரைச் சேர்ந்தது. 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சேலத்தினின்றும் பிரிந்து தருமபுரி தனி மாவட்டமாயிற்று.

தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிக்கும் இத்தகைய ஊரில், குழந்தைக்குக் கொப்புளம் கண்டால் மூன்று மொழியாரும் தாயையே நினைக்கின்றனர். 'ஆத்தாள் விளையாடுகின்றாள்' என்பது தமிழ்த்தாயர் கூற்று. தெலுங்கர் சின்னம்மையை ஆட்டலம்மா என்பர். விளையாடும் அம்மை என்பதே அதன் பொருள். கன்னடத்தார் பெரியம்மையைச் சிடுபு என்று வேறு பெயரிட்டு வழங்கினர். எளியதை விளையாட்டு என்றும் கொடியதை வேறு பெயராலும் சுட்டியமையால், இரண்டும் வேறு என்னும் உணர்வு ஏட்டறிவில்லாத மக்களிடத்தும் இருந்தமை விளங்கும்.

தானியத்தால் அறிந்த முன்னோர்

நோயைக் கண்ணால் அளந்து அறிதலில் நம் நாட்டு மருத்துவர் வல்லவராயிருந்தனர். வடமொழி மருத்துவ நூலாகிய மாதவநிதானம் இந்நோய் வகையை மசூரிகா என்று கூறும். மசூர்ப் பருப்பை ஒத்த முத்துக்கள் எழுவதால் வந்த பெயர் அது. சித்த மருத்துவர் அம்மையைப் பதினான்கு வகையாகப் பகுத்துரைப்பர். அவற்றுட் பலவற்றின் பெயர் புன்செய்த் தானியங்களின் பெயரே. கடுகம்மை, மிளகம்மை, கொள்ளம்மை, பாசிப்பயற்றம்மை, வரகுதரி, வெந்தயதரி என்பன அவை. முத்தின் பருமனும் நிறமும் எந்தத் தானியத்தை ஒக்கும் என்று பார்த்துப் பெயரிட்டனர். கொள்ளும் வரகும் விளையும் நிலத்து மக்களுக்கு இதனினும் தெளிவான அளவுகோல் வேறில்லை.

இப்பதினான்கனுள் நீர்க்கொள்வான் என்பது ஒன்று. மெல்லிய தோலுக்குள் தெளிந்த நீர் கொண்டு எழுதலின் அப்பெயர் பெற்றது. இன்று சின்னம்மை எனப்படுவது இதுவே. கொப்புளிப்பான் என்றும் இதனைக் கூறுவர். ஒரு சொல்லிலேயே நோயின் அடையாளத்தை அடக்கிவைத்த நுட்பம் போற்றத்தக்கது.

அருளும் மருந்தும் பகையல்ல

நோயுற்ற காலத்து இறைவனை வேண்டுதல் ஒருபுறம், மருந்தை நாடுதல் ஒருபுறம் என்று இரண்டையும் எதிரெதிர் நிறுத்துவோர் உளர். சைவ மரபு அவ்வாறு கருதவில்லை. கொங்குநாட்டுக் கொடிமாடச் செங்குன்றூரில், இன்றைய திருச்செங்கோட்டில், குளிர்காய்ச்சலால் அடியார்கள் வருந்தியபோது திருஞானசம்பந்தர் திருநீலகண்டத் திருப்பதிகம் பாடி அந்நோயை நீக்கிய வரலாற்றை அன்பர்கள் அறிவர். புள்ளிருக்குவேளூர் இறைவனுக்கு வழங்கும் திருப்பெயரே வைத்தியநாதர் என்பது. தகடூர் அதியமான் தனக்குக் கிடைத்த அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்தான். உடலைக் காக்கும் பொருள் பெறுதற்கரியது என்பதும், அதனைப் பிறர்க்கு ஈதல் அறம் என்பதும் இந்நாட்டின் பழங்கொள்கை.

கோயிலறம் மருத்துவத்தைத் தழுவியிருந்தமைக்குக் கல்வெட்டுச் சான்றும் உண்டு. காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடல் திருமால் கோயிலில் உள்ள வீரராசேந்திர சோழன் கல்வெட்டு, 11ஆம் நூற்றாண்டில் அக்கோயிலைச் சார்ந்து 15 நோயாளர் தங்கி மருந்துண்ணும் ஆதுலர்சாலை ஒன்று இருந்ததனைத் தெரிவிக்கின்றது. மருத்துவர், அறுவை செய்வோர், பணிப்பெண்டிர் ஆகியோர்க்கு வேண்டுவனவும், சேமித்து வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களும் அதில் உள்ளன. திருப்பணிக்குப் பொருள் வழங்கிய அக்காலத்தார் விளக்கெரிப்பதையும் மருந்து கொடுப்பதையும் ஒரே அறத்தின் இரு கைகளாகவே கொண்டனர்.

பெரியம்மையின் கொடுமை

பெரியம்மை கண்டோருள் பத்தில் மூவர் மாண்டனர் என்பது மருத்துவர் பொதுவாகக் கூறும் கணக்கு. பிழைத்தோருள்ளும் பலர் முகத்தில் ஆழ்ந்த தழும்பேறினர், சிலர் கண்ணிழந்தனர். இந்நோய்க்கு எதிரான அரண் 1796ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தோன்றியது. பசுவின் மடியில் காணும் எளிய அம்மையின் நீரை மனிதர் தோலிற் செலுத்தினால் பெரியம்மை அணுகாது என்பதை எட்வர்டு ஜென்னர் என்னும் மருத்துவர் கண்டு காட்டினார். 1802ஆம் ஆண்டு சூன் 14ஆம் நாள் பம்பாயில் மூன்று வயதுக் குழந்தைக்கு அப்பால் குத்தப்பெற்றது. பின்னர் அது ஒருவர் கையினின்று மற்றொருவர் கைக்கு மாற்றப்பெற்றுச் சென்னை மாகாணத்திலும் பரவியது.

மக்கள் அதனை உடனே ஏற்றாரல்லர். அன்னையின் விளையாட்டில் மனிதர் கையிடலாகாது என்று பலர் அஞ்சினர். இவ்வச்சத்தை மாற்ற முயன்றோருள் ஒருவர் சென்னையிற் கலெக்டராயிருந்த எல்லிஸ். தமிழறிஞராகிய இவர், சக்தியும் தன்வந்திரியும் உரையாடுவதாக ஒரு நூல் அமைத்து, பசுவின்வழி வந்த அம்மைப்பால் அன்னையின் அருட்கொடையே என்று அதிற் கூறுவித்தார். அது பழைய நூலன்று. ஒரு நோக்கங்கருதிச் செய்யப்பெற்ற புனைவு. ஆயினும் இந்நாட்டார் நெஞ்சிற் புகவேண்டும் எனில் அன்னையின் பெயரோடு புகவேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். எல்லிஸ் 1819ஆம் ஆண்டில் மறைந்தார்.

1899ஆம் ஆண்டில் கிண்டியில் நிறுவப்பெற்ற கிங் நிலையத்தில் கன்றுகளின் வாயிலாக அம்மைப்பால் எடுக்கப்பெற்று மாகாணமெங்கும் அனுப்பப்பட்டது. ஊர்தோறும் அம்மை குத்துவோர் வந்தனர். இன்று முதியோர் தோளிற் காணும் வட்டத்தழும்பு அவர்கள் இட்ட அரண். சென்னைத் தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனையில் ஏறத்தாழ 7000 பெரியம்மை நோயாளரை ஆராய்ந்த மருத்துவர் ஏ. ராமச்சந்திர ராவ் 1972ஆம் ஆண்டில் எழுதிய நூல், இந்நோயின் இயல்பை அறிய உலக மருத்துவர் எடுத்தாளும் நூல்களுள் ஒன்றாயிற்று.

பிரித்தறிதலே வெற்றி

சின்னம்மையும் பெரியம்மையும் வெவ்வேறு நோய்கள் என்பதை 1767ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் தெளிவுற வரையறுத்துக் காட்டினார். ஒன்று வந்தவர்க்கு மற்றொன்று வாராது என்று நம்பியிருந்தோர் அதனால் ஏமாந்தனர் என்பது அவர் கருத்து. இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றதன்று. இந்திய அரசு 1962ஆம் ஆண்டில் தொடங்கிய பெரியம்மை ஒழிப்புத் திட்டத்தின் இறுதிக் காலத்தில், பணியாளர் வீடுதோறும் சென்று, கொப்புளம் கண்ட ஒவ்வொரு குழந்தையையும் பார்த்து, இது சின்னம்மையா பெரியம்மையா என்று உறுதிசெய்தனர். பெரியம்மை நோயாளரைத் தெரிவிப்போர்க்கு 1000 ரூபாய் பரிசு என்றும் அறிவிக்கப்பெற்றது. 1975ஆம் ஆண்டு மே மாதத்தோடு இந்தியாவில் அந்நோய் முடிந்தது.

உலகில் இயற்கையாகப் பெரியம்மை கண்ட இறுதி மனிதர் சோமாலியா நாட்டு மெர்க்கா நகரத்து மருத்துவமனைச் சமையலாளர் ஒருவர். 1977ஆம் ஆண்டு அக்டோபரில் அவர் மேனியில் முத்துக்கள் எழுந்தபோது, அதனைச் சின்னம்மை என்றே முதலிற் கருதிவிட்டனர். பின்னரே உண்மை தெரிந்து, அவரோடு பழகியோரை எல்லாம் தேடிக் காத்தனர், அவரும் பிழைத்தார். பன்னூறாண்டு உலகை வாட்டிய நோயின் இறுதி வாயிலிலும் இந்த ஒரு வினாவே நின்றது. 1980ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் உலக சுகாதார மன்றம் பெரியம்மை ஒழிந்ததை உலகிற்கு அறிவித்தது.

ஆகவே இன்று ஒரு குழந்தைக்கு முத்துக் கண்டால் பெரியம்மையோ என்று நடுங்க வேண்டுவதில்லை. ஆயினும் பார்த்தறியும் கடமை நீங்கவில்லை. சின்னம்மைதானா என்பதையும், சின்னம்மையாயின் அது எளிதாக இறங்குகின்றதா, இடர் தருகின்றதா என்பதையும் அறிதல் வேண்டும்.

சின்னம்மையை அறியும் முறை

நோயுற்றவரோடு பழகிய நாளினின்றும் 10 முதல் 21 நாளுக்குள், பெரும்பாலும் இரண்டு வாரம் கடந்த அளவில், நோய் வெளிப்படும். முதலில் ஓரிரு நாள் இளங்காய்ச்சலும் சோர்வும் உணவில் வெறுப்பும் காணும். சிறு குழந்தைகட்குக் காய்ச்சலும் முத்தும் ஒரே நாளில் தோன்றுதலும் உண்டு. மார்பு, முதுகு, முகம் ஆகிய இடங்களிற் சிவந்த புள்ளிகள் முன்னர்த் தோன்றும். அவை சில மணி நேரத்திற் பருவாகி, பின் பனித்துளி ஒட்டியதுபோல நீர் கொண்டு, ஓரிரு நாளிற் கலங்கி, வற்றிப் பொருக்காகும். மூன்று நான்கு நாள் வரையிற் புதிய முத்துக்கள் தோன்றிக்கொண்டே இருக்கும். ஆதலின் ஒரே இடத்திற் புள்ளியும் பருவும் நீர்க்கொப்புளமும் பொருக்கும் கலந்து காணப்படும். தலைமயிரின் இடையிலும் வாயினுள்ளும் முத்துக் காண்பதுண்டு. அரிப்பு மிகும்.

ஒழிந்துபோன பெரியம்மை இதற்கு மாறானது. கடுங்காய்ச்சல் சில நாள் முன்னர் வரும். முகம், கை, கால் ஆகியவற்றில் முத்துக்கள் மிகுதியாகும்; உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அழுந்தித் தோன்றும்; ஓரிடத்து முத்தெல்லாம் ஒரே பருவத்தில் இருக்கும்.

இன்று மயக்கந் தரக்கூடியவை வேறு சில. தட்டம்மையில் இருமலும் மூக்கொழுக்கும் கண்சிவப்பும் முன்வரும், காதின் பின்புறத்தும் முகத்திலும் தொடங்கிச் சிவந்த தடிப்புக்கள் கீழிறங்கும், நீர்க்கொப்புளம் இராது. கை கால் வாய் நோயில் உள்ளங்கை, உள்ளங்கால், வாய் ஆகிய இடங்களிற் கொப்புளம் காணும். 2022ஆம் ஆண்டில் கேரளத்துக் குழந்தைகளிடம் தோன்றித் தக்காளிக் காய்ச்சல் என்று பேசப்பட்டது இவ்வகையைச் சார்ந்ததே. கொப்புளத்தின் செந்நிறம் பற்றி வந்த பெயரேயன்றி, பாலக்கோட்டு வட்டத்தில் மிகுதியாய் விளையும் தக்காளிக்கும் அந்நோய்க்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஐயம் நேரின் மருத்துவர்க்குக் காட்டித் தெளிவதே முறை.

வேப்பிலை உணர்த்தும் கட்டளை

அம்மை கண்ட வீட்டு நிலைப்படியில் வேப்பிலை செருகுதல் தொன்றுதொட்டு வரும் வழக்கம். அதனைக் கண்டோர் உட்புகார். வீட்டார் வெளியூர் செல்லார், விருந்து அழையார். குழந்தையைத் தனி இடத்திற் கிடத்தி ஒருவரே பணி செய்வர். இவை பத்தியின் பெயரால் அமைந்த தனிமைக் காப்பு. சின்னம்மை இருமல், தும்மல் வழியாகவும், கொப்புள நீர் வழியாகவும் பரவும் நுண்கிருமியால் வருவது. முத்துத் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்னரே தொடங்கி, எல்லா முத்துக்களும் பொருக்குத்தட்டும் வரையில் அது பிறர்க்குத் தொற்றும். ஒரு வீட்டில் ஒரு குழந்தைக்கு வந்தால், முன்பு நோய் காணாத ஏனையோர் பதின்மருள் ஒன்பதின்மர்க்கு வரக்கூடும். இக்கிருமியை நுண்ணோக்கியாற் காணாத காலத்தே, வேப்பிலையால் அதற்கு எல்லை வகுத்தனர் முன்னோர்.

வேப்பங்கொழுந்தால் மெல்ல வருடுதலும் அறிவுடைய செயல். நகத்தாற் கீறினால் கொப்புளம் உடைந்து சீழ் கொள்ளும், தழும்பும் நிற்கும். குழந்தையின் நகத்தைக் குறுக வெட்டிக் கையைத் தூய்மையாக வைத்தல் வேண்டும். மெல்லிய பருத்தித் துணி உடுத்துதலும், காற்றோட்டமான இடத்திற் கிடத்துதலும், இளநீரும் மோரும் கேழ்வரகுக் கூழும் கொடுத்தலும் நன்றே. வாயிற் புண் இருப்பின் காரமும் சூடும் தவிர்த்து மென்மையான உணவு தருக. பால் குடிக்கும் மகவுக்குத் தாய்ப்பாலை நிறுத்தலாகாது.

வழக்கங்களுட் சிலவற்றைத் திருத்திக்கொள்ளவும் வேண்டும். முத்து இறங்கும் வரை குழந்தையின் மேல் நீர் படலாகாது என்று பல நாள் குளிப்பாட்டாது விடுவோர் உளர். இளஞ்சூட்டு நீரால் நாள்தோறும் மேனியைக் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்தலே அரிப்பைத் தணிக்கும்; சீழ் கொள்ளாமலும் காக்கும். மூன்று தண்ணீர் வார்க்கும் சடங்கை அதற்குரிய நாளிற் செய்யலாம். அதற்கிடையில் தூய்மையைக் கைவிட வேண்டுவதில்லை. உடைந்த புண்ணின்மேல் மஞ்சளும் இலையும் அரைத்து அப்புதல் கூடாது. உப்பின்றியும் உணவின்றியும் குழந்தையை வாட்டுதலும் கூடாது; நோயை எதிர்த்து நிற்பது உண்ட உணவின் வலிமையே.

காய்ச்சல் மிகின் மருத்துவர் கூறும் அளவிற் பாராசிட்டமால் கொடுக்கலாம். ஆஸ்பிரின் ஒருகாலும் கொடுத்தலாகாது. சின்னம்மை கண்ட குழந்தைக்கு அது ஈரலையும் மூளையையும் தாக்கும் கொடிய இடரை விளைவிக்கக்கூடும். ஐபுபுரோஃபெனையும் தவிர்த்தல் நலம். அரிப்புக்குக் காலமைன் நீர்மம் தடவலாம்.

காலந்தாழ்த்தலாகாத குறிகள்

பெரும்பாலான குழந்தைகட்குச் சின்னம்மை ஓரிரு வாரத்தில் நீங்கிவிடும். ஆயினும் சில குறிகள் தோன்றின் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். நான்கு நாளைக் கடந்தும் கடுங்காய்ச்சல் நிற்றல், விட்ட காய்ச்சல் மீண்டும் ஏறுதல், கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கிச் சூடேறிச் சீழ் கொள்ளல், மூச்சு வாங்குதல், ஓயாத வாந்தி, எழுப்பினும் விழியாத மயக்கம், நடை தள்ளாடுதல், கழுத்து விறைத்தல், வலிப்பு ஆகியன அக்குறிகள். அவசர காலத்தில் 108 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும். பாலக்கோட்டிலும் தருமபுரியிலும் அரசு மருத்துவமனைகள் உள்ளன.

மூவரிடத்து மிகுந்த எச்சரிக்கை வேண்டும். பிறந்து சில நாளேயான மகவு ஒருவர். முன்பு நோய் காணாத கருவுற்ற பெண் ஒருவர். பிற நோயாலோ மருந்தாலோ உடலின் எதிர்ப்பாற்றல் குன்றியவர் ஒருவர். இவர்கள் சின்னம்மை கண்டவரோடு பழக நேர்ந்தால், முத்துத் தோன்றும் வரை காத்திராமல் உடனே மருத்துவரை அணுகுதல் வேண்டும். வளர்ந்தவர்க்கு வரும் சின்னம்மை குழந்தைக்கு வருவதினும் கடுமையானது.

சின்னம்மை நீங்கிய பின்னரும் அதன் கிருமி நரம்பினுள் உறங்கிக் கிடக்கும். முதுமையிலோ தளர்ச்சியிலோ அது விழித்தெழுந்தால் உடலின் ஒரு பக்கத்தே பட்டையாய்க் கொப்புளித்து எரியும். குயவர் காவியால் எழுதும் அக்கி என்று நாட்டார் கூறுவது இதனையே. அக்கி கண்ட முதியவரின் அருகிருந்த குழந்தைக்குச் சின்னம்மை வருவதைப் புடாபெஸ்டு நகரத்து மருத்துவர் போக்காய் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிற் கண்டுரைத்தார். ஆதலின் அக்கியுற்ற பாட்டனார் மடியிற் பச்சிளங்குழந்தையைக் கிடத்துதல் நன்றன்று.

1974ஆம் ஆண்டில் ஜப்பானிய மருத்துவர் தக்காஹாஷி சின்னம்மைக்குத் தடுப்பூசி கண்டார். இந்திய அரசின் பொதுத் தடுப்பூசி அட்டவணையில் தட்டம்மைக்குரிய ஊசி உண்டு. சின்னம்மைக்குரிய ஊசியைக் குழந்தை மருத்துவரின் அறிவுரைப்படி இரு தவணையாகத் தனியே இட்டுக்கொள்ளலாம்.

அன்னை சினப்பதில்லை

குழந்தைக்கு அம்மை கண்டவுடன், நேர்ந்த பொங்கலை இடாமையாலோ, தீட்டோடு கோயிலுட் புகுந்தமையாலோ அன்னை சினந்தாள் என்று தாய் தன்னையே நொந்துகொள்வதுண்டு. அவள் நெஞ்சில் இச்சுமையை ஏற்றும் அயலாரும் உண்டு. இறைவி தாயினுஞ் சிறந்த தயையுடையாள் எனப் போற்றும் சமயத்தில், பெற்றவளின் பிழைக்காகப் பச்சிளங்குழந்தையை வருத்துவாள் எனக் கூறுதல் அவள் அருளுக்கே மாசு கற்பித்தலாகும். மாசி தொடங்கிச் சித்திரை வரை சின்னம்மை மிகுந்து காணப்படுதல் இந்நாட்டின் பருவ இயல்பு. மாரியம்மன் திருவிழாக்கள் பலவும் அப்பருவத்தே நிகழ்கின்றன. நோய் வருங்காலம் நோக்கி, அன்னையின் துணையை ஊரார் கூடி வேண்டிய முறை அது. மருத்துவர் கைக்கொடுக்கும் மருந்தும் அவ்வேண்டுதற்கு அன்னை தரும் விடைகளுள் ஒன்றே. மருத்துவரிடம் சென்றால் ஆத்தாள் பொறுக்கமாட்டாள் என்று தடுப்போரின் சொல்லைத் தள்ளிவிடுதல் பத்தியிற் குறைவாகாது.

திருக்கோயிலுக்கு வரும் அன்பர்கட்கு ஒரு கடப்பாடு உண்டு. முத்து இறங்காத குழந்தையை, நேர்த்திக்கடன் கருதி விழாக் கூட்டத்தின் நடுவே கொண்டுவருதலாகாது. அக்கூட்டத்திற் கருவுற்ற மகளிரும் கைக்குழந்தைகளும் இருப்பர். ஒரு குழந்தை நலம்பெற வேண்டிப் பல குழந்தைகளை நோய்க்கு ஆளாக்குதல் அன்னைக்கு உவப்பாகாது. பொருக்கெல்லாம் உதிர்ந்து மேனி தெளிந்தபின் வந்து வணங்கினும் அவள் திருமுன் திறந்தே இருக்கும். அதுவரையில் வேப்பிலை செருகிய வீடே கோயில்; குழந்தையின் அருகிருந்து விழித்திருக்கும் தாயின் கண்ணே அணையா விளக்கு.

கொள்ளும் கடுகும் உவமையாக்கி நோயை அளந்தவர்கள் இம்மண்ணின் முன்னோர். கோயிலோடு ஆதுலர்சாலையை இணைத்தவர்கள் இந்நாட்டு மன்னர். பெரியம்மையை ஒழித்தது உலகத்து மக்கள் பலர் கூடிச் செய்த தவம். அவர்தம் வழிவந்தோர் குழந்தையின் மேனியை அச்சத்தோடன்றி அறிவோடு நோக்கி, வேண்டுதலையும் மருந்தையும் இரு கைகளாகக் கொண்டு பேணுவாராக. குடமுழுக்கு நீரின் குளிர்ச்சி மாரண்டஹள்ளி மனைதோறும் பரவி, மழலைச் செல்வங்கள் நோயின்றி நீடு வாழ உமையொருபாகன் திருவருள் முன்னிற்பதாக.